யாவே எப்போது ஒரே கடவுள் ஆனார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

யாவே என்பது பழைய இஸ்ரவேலரின் கடவுளுடைய பெயர், தமிழ் வேதாகமத்தில் 'கர்த்தர்'. அந்த இஸ்ரவேலர் பல தெய்வ வழிபாட்டிலிருந்து ஒரே கடவுளுக்கு வந்த கதையைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள். ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எகிப்து மன்னர் அக்நாதன்தான் முதன்முதலில் ஒரே கடவுளை வணங்கினார், அவரிடமிருந்து மோசே கற்றுக்கொண்டார் என்கிறார்களே, உண்மையா?

முதல் பாதியில் உண்மை இருக்கிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் நாலாம் அமென்ஹோடெப் என்ற பெயரில் அரியணை ஏறியவர், தன் பெயரை அக்நாதன் என்று மாற்றிக்கொண்டார். ஆதென் என்ற சூரிய வட்டத்துக்காகவே பாலைவனத்தில் புதுத் தலைநகர் கட்டினார். ஆமுன் என்ற தெய்வத்தின் பெயரைக் கோயில் சுவர்களில் உளி வைத்துச் செதுக்கி எடுக்கச் சொன்னார். ஆனால் அதே தலைநகரில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியைத் தோண்டியபோது பெஸ், தவேரெத் போன்ற பழைய வீட்டுத் தெய்வங்களின் உருவங்கள் கிடைத்தன. மக்கள் மாறவே இல்லை. மன்னர் இறந்த சில ஆண்டுகளிலேயே ஆமுன் திரும்பி வந்துவிட்டார்.

இரண்டாம் பாதிக்கு ஆதாரம் இல்லை. 'இஸ்ரவேல்' என்ற பெயர் முதன்முதலில் வருவதே கி.மு. 1208 அளவில் எகிப்து மன்னர் மெர்னெப்தா வெட்டிய கல்லில்தான். அக்நாதன் மறைந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆதென் துதிப்பாடலுக்கும் பைபிளின் 104ஆம் சங்கீதத்துக்கும் ஒற்றுமை உண்டு, மறுக்கவில்லை. அதை வைத்து மோசேயை அக்நாதனின் சீடராக்க முடியாது. இந்த எண்ணத்தை ஊரெல்லாம் பரப்பியது 1939இல் வந்த, உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் பிராய்டின் புத்தகம்.

"என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்கிறது பத்துக் கட்டளை. அப்படியென்றால் வேறு தேவர்கள் இருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வது போல இல்லையா?

ஆமாம், சரியாகப் பிடித்தீர்கள். அந்தக் கட்டளை கேட்பது விசுவாசத்தை. மற்ற தேவர்கள் இல்லவே இல்லை என்று அது சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தெய்வம்: இஸ்ரவேலுக்கு யாவே, பக்கத்து மோவாபுக்கு கேமோஷ், அம்மோனியருக்கு மில்கோம்.

இதற்கு நேரடிச் சாட்சி 1868இல் இன்றைய ஜோர்தானில் உள்ள திபானில் கிடைத்த மேசா கல்வெட்டு. கி.மு. 840 அளவில் மோவாப் மன்னர் மேசா வெட்டியது. தங்கள் நாடு இஸ்ரவேலிடம் அடிமைப்பட்டது ஏன் என்று அவரே காரணம் சொல்கிறார்: கேமோஷ் தன் நாட்டின் மேல் கோபமாக இருந்தார். பெயரை மட்டும் மாற்றினால் பைபிளின் ராஜாக்கள் புத்தகத்தில் வரும் வாக்கியம்தான் இது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

யாவேக்கு மனைவி இருந்தாரா?

சினாய் பாலைவனத்தில் குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975-76இல் அகழாய்வு நடந்தது. கி.மு. 800ஐ ஒட்டிய காலத்துப் பெரிய ஜாடிகள் கிடைத்தன. ஒன்றில் "சமாரியாவின் யாவேயும் அவருடைய அஷேராவும்" உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்ற பொருளில் வாழ்த்து எழுதியிருக்கிறது. எப்ரோனுக்கு அருகே ஒரு கல்லறைச் சுவரிலும் இதே ஜோடி வருகிறது.

அஷேரா, அந்தப் பகுதியின் பழைய குடிகளான கானானியரின் பெரிய தாய்த் தெய்வம். வடக்கே உகாரித் நகரின் களிமண் பலகைகளில் அவள் 'எல்' என்ற மூத்த தெய்வத்தின் துணைவி. பழைய தமிழ் வேதாகமத்தில் 'தோப்பு விக்கிரகம்' என்று வருவது இவளுடைய சின்னம்தான். ஜாடியில் உள்ள சொல் தேவியைக் குறிக்கிறதா, அவளுக்காக நட்ட மரத்தூணைக் குறிக்கிறதா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தூணாகவே இருக்கட்டும், யாவேயின் பெயரோடு சேர்த்து அதைச் சொல்லி வாழ்த்துவதில் எழுதியவருக்குத் தயக்கம் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தயக்கமின்மைதான். அந்த ஜாடியில் உள்ள உருவங்களை 'கடவுளும் மனைவியும்' என்று இணையத்தில் சுற்றவிடுகிறார்கள். அவற்றில் தெரிவது பெஸ் தெய்வத்தின் சாயல், நம்ப வேண்டாம்.

அப்படியானால் "வேறு கடவுளே இல்லை" என்று எப்போது சொன்னார்கள்?

தோற்றபோது. எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. அதனால் நீட்டியே சொல்கிறேன்.

கி.மு. 622இல், இஸ்ரவேலரின் தெற்கு நாடான யூதாவின் மன்னர் யோசியா எருசலேம் கோயிலைச் சுத்தம் செய்தார். அஷேராவின் உருவத்தைக் கோயிலுக்குள்ளிருந்து வெளியே எடுத்து கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்தார் என்று பைபிள் சொல்கிறது. அதுவரை அது கோயிலுக்குள்ளேயே இருந்தது என்பதையும் அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் யோசியாவும் யாவேயை மட்டும் வணங்கச் சொன்னவர்தான். வேறு தெய்வமே இல்லை என்ற அடுத்த அடியை எடுத்து வைத்தவர் அல்ல.

கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமையும் கோயிலையும் எரித்தார்கள். மன்னர் யோயாக்கீன் அதற்கு முன்பே, 597இல், சிறைப்பட்டுப் போயிருந்தார். அவருக்கு எண்ணெய் அளந்து கொடுத்த ரேஷன் கணக்குப் பலகைகள் பாபிலோன் அரண்மனையிலேயே கிடைத்திருக்கின்றன. அன்றைய உலகத்தின் கணக்கு எளிமையானது: ஊர் விழுந்தால் அந்த ஊர் தெய்வமும் தோற்றது. பாபிலோனின் மார்துக் ஜெயித்தார், யாவே தோற்றார், கதை முடிந்தது. எத்தனையோ சிறு நாட்டுத் தெய்வங்கள் அப்படித்தான் காணாமல் போயின, கேமோஷும் உட்பட.

யூதர்களிடம் இருந்த பதில், "நம்மைத் தண்டித்தது நம் கடவுளே" என்பது. அந்த அளவுக்கு மேசாவும் சொன்னார். ஆனால் மேசாவைத் தண்டிக்க வந்தது பக்கத்து ஊர்ப் படை. யூதாவைத் தண்டிக்க வந்தது உலகத்தையே ஆண்ட பேரரசு. அந்தப் பேரரசையே தடியாக எடுத்து அடிக்கிறவர் என்றால், அவர் ஒரு நாட்டுக்கு மட்டும் தெய்வமாக இருக்க முடியாது. அப்புறம் மார்துக்குக்கு என்ன வேலை? பைபிளின் ஏசாயா புத்தகத்தின் பிற்பகுதியை எழுதிய, பெயர் தெரியாத தீர்க்கதரிசி இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்: "நானே கர்த்தர், வேறொருவர் இல்லை, என்னைத்தவிர தேவன் இல்லை."

இன்னொன்று. கி.மு. 539இல் பாரசீக மன்னர் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். அவருடைய களிமண் உருளைப் பட்டயம், சைரஸின் கையைப் பிடித்து அழைத்து வந்தது மார்துக் என்கிறது. அதே சைரஸின் வலது கையைப் பிடித்தது யாவே என்கிறது ஏசாயா 45. ஒரே வெற்றிக்கு இரண்டு உரிமையாளர்கள். ஒருவர் பக்கம் பட்டயமும் பேரரசும் இருந்தன. இன்னொருவருக்கு அப்போது கோயில்கூட இல்லை.

சாதாரண மக்கள் இதை ஏற்றுக்கொண்டார்களா?

எளிதில் இல்லை. தீர்க்கதரிசி எரேமியாவின் புத்தகத்தில், 7ஆம் அதிகாரத்தில் ஒரு குடும்பக் காட்சி: பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், அப்பா அடுப்பு மூட்டுகிறார், அம்மா மாவு பிசைகிறாள். எல்லாம் 'வானராக்கினி' என்ற தேவிக்கு அப்பம் சுடத்தான். எருசலேம் விழுந்தபின் எகிப்துக்கு ஓடியவர்களிடம் எரேமியா இதைக் கண்டித்துப் பேச, 44ஆம் அதிகாரத்தில் பதில் வருகிறது: அவளுக்குப் படைத்தவரை வயிறு நிறையச் சாப்பிட்டோம், நிறுத்தியபின்தான் வாளும் பஞ்சமும் வந்தன. எங்கள் புருஷர்களுக்குத் தெரியாமலா செய்தோம் என்றும் பெண்கள் கேட்கிறார்கள். எரேமியாவுக்கு எதிரான வாதத்தை அவர் புத்தகமே இவ்வளவு முழுதாகக் காப்பாற்றி வைத்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எகிப்தின் எலிபென்டைன் தீவில் பாரசீகருக்காகக் காவல் காத்த யூதப் படையினர், கி.மு. 400 அளவிலும் மூன்று தெய்வங்களின் பெயரில் வெள்ளி வசூல் செய்திருக்கிறார்கள். யாஹோ, அதாவது யாவேக்கு 126 ஷேக்கல், எஷெம்பெத்தேலுக்கு 70, அனாத்பெத்தேல் என்ற தேவிக்கு 120.

இந்த ஒரே கடவுள் கொள்கை, பழைய பாரசீகரின் ஜரதுஷ்டிர மதத்திலிருந்து வந்ததா?

பாரசீகத் தாக்கம் பிற்கால யூத மதத்தில் இருந்திருக்கலாம். ஒரே கடவுள் கொள்கைக்கு அது தேவைப்படவில்லை. ஒளியையும் இருளையும் படைத்தவர் ஒருவரே என்கிறது ஏசாயா 45:7. நன்மைக்கும் தீமைக்கும் தனித்தனி மூலம் சொல்லும் ஜரதுஷ்டிர மரபுக்கு இது நேரெதிர்.

ஒரே கடவுள் கொள்கை வந்ததால்தான் மதத்தின் பெயரால் கொலைகள் வந்தனவா?

யோசியா, எருசலேமுக்கு வெளியே இருந்த பலி மேடைகளின் பூசாரிகளைக் கொன்றார் என்று பைபிளே சொல்கிறது. மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேசாவின் கல்வெட்டை மறுபடி படியுங்கள். பல தெய்வங்கள் இருந்த காலத்தில், நேபோ என்ற ஊரைப் பிடித்து 7,000 பேரைத் தன் தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டுக் கொன்றதாகவும், யாவேயின் பாத்திரங்களை கேமோஷின் முன் இழுத்து வந்து போட்டதாகவும் பெருமையோடு சொல்கிறார். தெய்வங்களின் எண்ணிக்கையை வைத்து இதற்குப் பதில் தேடுவது வீண் வேலை.

இந்தக் கல்வெட்டுகளை எங்கே பார்க்கலாம்?

மேசா கல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில். சைரஸின் உருளை லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். 2013 டிசம்பரில் மும்பைக்கும் வந்து போனது. மெர்னெப்தாவின் கல் கெய்ரோவில்.