டியூக் வீட்டுக் கலகக்காரர்: எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அப்பா டியூக், தானும் எம்.பி. இப்படிப்பட்டவர் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 ஐரிஷ் கிளர்ச்சிக்கு எப்படித் தலைவரானார்?

பட்டமும் நிலமும் அண்ணன் வில்லியமுக்குப் போய்விட்டன, எட்வர்ட் இளையவர்களில் ஒருவர். குடும்பத்தின் கைக்குள் இருந்த ஒரு தொகுதியில் 1783இல் அவரை உறுப்பினராக்கினார்கள். டப்ளின் நாடாளுமன்றத்தில் கத்தோலிக்கர்களுக்கு இடமே கிடையாது, நாட்டிலோ அவர்கள்தான் பெரும்பான்மை. அதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவர். ஆனால் என்னைக் கேட்டால் விதை வீட்டிலேயே விழுந்துவிட்டது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: அவருடைய அம்மா வீட்டு வாத்தியாரை மறுமணம் செய்தது நிஜமா?

நிஜம்தான். எமிலி, ரிச்மண்ட் டியூக்கின் மகள், முதல் கணவருக்கு 19 பிள்ளைகள் பெற்றவர். கணவர் 1773இல் இறக்க, மறுவருஷமே பிரான்சுக்குக் கிளம்பிப் போய், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஓகில்வியைக் கட்டிக்கொண்டார். அப்புறம் இன்னும் 3 பிள்ளைகள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்! எமிலிக்குச் சிந்தனையாளர் ரூசோவின் கருத்துகளில் பிடிப்பு உண்டு, அந்த வளர்ப்பில் வந்தவர் எட்வர்ட்.

கேள்வி: டோனி ஸ்மால் யார்?

1781இல் தென் கரோலினாவில், பிரிட்டிஷ் படையில் சேர்ந்து அமெரிக்கர்களை எதிர்த்துச் சண்டை போட்டு (ஆமாம், அந்தப் பக்கம்தான்!) தொடையில் காயம்பட்டு நினைவில்லாமல் கிடந்த எட்வர்டைத் தன் குடிசைக்குத் தூக்கிப்போய்ப் பிழைக்கவைத்தவர், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவர். பிறகு சம்பளத்துக்கு அவரிடமே சேர்ந்து கனடா, டப்ளின் என்று எங்கும் கூட இருந்தார். எட்வர்ட் அவரை ஓவியமாகவே வரையச் செய்திருக்கிறார். 'விசுவாசமான வேலையாள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

கேள்வி: மனைவி பமீலா அரச குடும்பமா?

பிரெஞ்சு அரச குடும்பத்து ஆர்லியன்ஸ் டியூக்கின் மகள் என்று அப்போதே பேச்சு, நிரூபணம் இல்லை. 1792 டிசம்பரில் கல்யாணம். அதற்குச் சில வாரம் முன்புதான் பாரிசில் ஒரு விருந்தில் எட்வர்ட் தன் பட்டத்தைத் துறந்தார், ராணுவ வேலையும் போயிற்று.

கேள்வி: எப்படிப் பிடிபட்டார்?

அவர் தலைக்கு வைத்த விலை 1,000 பவுண்ட். 1798 மே 19 மாலை, தாமஸ் தெருவில் ஒரு இறகு வியாபாரி வீட்டு மாடியில் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். பிடிக்க உள்ளே வந்தவர்கள்மீது குத்துவாளோடு பாய்ந்ததில் கேப்டன் ரையனுக்குப் பட்ட காயம் உயிரையே வாங்கியது. சர் (Sirr) என்ற பெயருள்ள மேஜர் சுட்ட குண்டு எட்வர்டின் தோளில் பாய்ந்தது. காயம் சீழ்பிடித்து ஜூன் 4 அன்று சிறையிலேயே இறந்தார். சித்தி லூயிசாவையும் அண்ணன் ஹென்றியையும் கடைசி இரவில்தான் பார்க்க விட்டார்கள்.

கேள்வி: பிடிபடாமல் இருந்திருந்தால் கிளர்ச்சி ஜெயித்திருக்குமா?

எனக்கு நம்பிக்கை இல்லை. மற்ற தலைவர்களில் பலர் மார்ச் 12 அன்றே ஒரே வீட்டில் வைத்துப் பிடிபட்டாயிற்று. நம்பியிருந்த பிரெஞ்சுப் படை வந்திறங்கியதோ ஆகஸ்டில், அதுவும் சுமார் ஆயிரம் பேர்.