கௌபாய் ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் பத்து வருடமாக இருக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. ஆபீஸ் நண்பர் ஒருவர் மாதம் ஒருமுறை கௌபாய் துப்பாக்கிப் போட்டிக்குப் போகிறார். தொப்பி, பூட்ஸ், இடுப்பில் ரெண்டு ரிவால்வர் என்று முழு வேஷம். ஒருநாள் கூட்டிப்போனார், எனக்கும் பிடித்துவிட்டது. கடைக்குப் போனால் .357, .44-40, .45 கோல்ட் என்று தோட்டா ரகங்களை அடுக்குகிறார்கள். ‘.45 இல்லாமல் என்ன கௌபாய்’ என்கிறார் நண்பர். எதை வாங்க?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், டல்லாஸ்)

பதில்: .357 வாங்குங்கள். ஆனால் அதில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுடுங்கள். நண்பர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

1935-இல் அதிக பலமுள்ள .357 மேக்னம் தோட்டா வந்தபோது, .38 ஸ்பெஷலின் பித்தளைக் கூட்டைக் கொஞ்சம் நீளமாக்கித்தான் அதைச் செய்தார்கள். சுற்றளவு அதேதான். அதனால் .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தாராளமாக உட்காரும்; .38 ரிவால்வரில் .357 போகாது, போகவும் கூடாது. ஒரு துப்பாக்கி, ரெண்டு தோட்டா. உங்களுக்கு மேக்னம் தேவையே இல்லை. அந்தப் போட்டிகளில் ஈயக் குண்டுதான், ரிவால்வர் குண்டின் வேகம் நொடிக்கு 1000 அடியைத் தொடக்கூடாது, இலக்கு கிட்டத்தில் நிற்கிற இரும்புத் தகடு, பட்டால் ‘டிங்’ என்று சத்தம் வந்தால் போதும். அதற்கு மேக்னம் என்பது கறிவேப்பிலை கிள்ள அரிவாளோடு போன கதை.

அப்புறம் செலவு. ஒரு போட்டியில் ஐந்தாறு சுற்று இருக்கும், சுற்றுக்கு ரிவால்வரில் பத்து, ரைஃபிளில் பத்து என்று வைத்துக்கொண்டாலே ஒரே நாளில் நூறு, நூற்றிருபது தோட்டா ஆகிவிடும், வீட்டிலிருந்து போய்ப் பழகுவதைக் கணக்கில் சேர்க்காமலே. .38 ஸ்பெஷல் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. .45 கோல்ட் அதைவிட விலை கூட. .44-40-ஐத் தேடித்தான் வாங்கவேண்டும். ரைஃபிளும் ரிவால்வர் தோட்டா போடுகிற ரகமாகத்தான் இருக்கவேண்டும் என்பதால் ரெண்டு ரிவால்வர், ஒரு ரைஃபிள் மூன்றுக்கும் ஒரே தோட்டா என்று முடிவு பண்ணிவிட்டால், அவசரத்தில் மாற்றிப் போடுகிற வம்பும் இல்லை. ஒன்று மட்டும்: கீழே இருக்கிற பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றுகிற லீவர் ரைஃபிள்கள் சில குட்டையான .38 தோட்டாவை ஏற்ற முரண்டு பிடிக்கும், காசு கொடுப்பதற்கு முன் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கையில் வாங்கும் உதையும் வித்தியாசப்படும். .38-க்கு வழக்கமான குண்டு 158 கிரெய்ன், சுமார் 10 கிராம். .45 கோல்ட்டின் பழைய குண்டு 255 கிரெய்ன், பதினாறரை கிராம். இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: வெளியளவில் ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு ரிவால்வரில் .357-இன் சிலிண்டரிலும் (தோட்டா போடுகிற உருளை) குழலிலும் துளை சிறியது, அதனால் உள்ளே இரும்பு அதிகம், துப்பாக்கியே கனமாக இருக்கும். சின்னக் குண்டு, கனமான துப்பாக்கி, மெல்லிய உதை. புதிதாகக் கற்பவருக்கு வேறென்ன வேண்டும்?

.45-ஐ மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1873-இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட கோல்ட் கம்பெனி ரிவால்வரின் தோட்டா அது. அரிசோனாவில் இருந்த காலத்தில் நான் முதலில் வாங்கியதும் அதுதான், சரித்திரத்தைக் கையில் பிடிக்கிற ஆசையில். அந்தக் கூடு 40 கிரெய்ன் கரிமருந்துக்காகச் செய்தது. உதை குறையட்டும் என்று நான் இன்றைய புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டேன். அழுத்தம் குறைந்ததால் கூடு விரிந்து, அது உட்கார்ந்திருக்கிற சிலிண்டர் அறையின் சுவரை அடைக்காமல், புகையும் கரியும் பின்னால் கக்கின. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அடுப்பு ஊதியவன் முகம். .44-40-இன் கழுத்து மெலிந்த தகடு, சட்டென்று விரிந்து அடைத்துக்கொள்ளும், அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களைக் கேளுங்கள், அதே மெலிந்த கழுத்து அழுத்தும்போது நசுங்கிப்போய் எத்தனை கூடு குப்பைக்குப் போயிற்று என்று சொல்வார்கள்.

நண்பர் பேச்சுக்கு மயங்கி .45 வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ‘ரூகருக்கு மட்டும்’ என்று போட்ட .45 கோல்ட் தோட்டாக்கள் இருக்கின்றன (ரூகர் ஒரு துப்பாக்கிக் கம்பெனி). பெரிய ரூகர் பிளாக்ஹாக் மாதிரி கனத்த இரும்பு உடல் கொண்ட துப்பாக்கிகளுக்கான அழுத்தம் அது. கோல்ட்டின் பழைய அளவில் இத்தாலியில் செய்து வருகிற நகல்களில் அதைப் போட்டால் சிலிண்டர் வெடிக்கலாம். பெயர் ஒன்று என்பதால் உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்தே.

இதைப் படிக்கிற எச்-1பி நண்பர்களே, நீங்கள் கடைக்குக் கிளம்பவேண்டாம். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டத்தில் தடை இருக்கிறது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: .38 ஸ்பெஷல் குண்டை அளந்தால் .357 அங்குலம்தான் வருகிறதாமே? பின் ஏன் .38?
(வாசகி, சான் ஓசே)

பதில்: நியாயமான சந்தேகம். பழைய .38 தோட்டாக்களில் குண்டின் அடிப்பகுதி மட்டும் ஒடுங்கிக் கூட்டுக்குள் செருகியிருக்கும். வெளியே தெரிகிற பகுதி கூட்டின் வெளிச்சுற்றோடு சமமாக இருக்கும், இன்றைய .22 தோட்டாவில் இருக்கிற மாதிரி. அப்போது .38 என்பது ஏறக்குறைய உண்மை. பிறகு குண்டு முழுசாகக் கூட்டுக்குள் இறங்கியது, அதற்காக இளைத்தது, பெயர் மட்டும் இளைக்கவில்லை. .44 மேக்னம் குண்டும் .429 அங்குலம்தான். இதைவிடக் கூத்து .38-40, அதன் குண்டு நிஜத்தில் .40 அங்குலம்! ஆகவே பெட்டியில் இருக்கிற பெயரும் குழலில் பொறித்த பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள், எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். முன்னே சொன்ன .357-இல் .38 ஸ்பெஷல் போடுவது தெரிந்த விதிவிலக்கு.

கேள்வி: ஆறு குண்டு ரிவால்வரில் ஏன் ஐந்து மட்டும் போடுகிறார்கள்?
(வாசகர், நியூ ஜெர்சி)

பதில்: கௌபாய் ரிவால்வர்கள் சிங்கிள் ஆக்‌ஷன் ரகம். சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால், தோட்டாவை அடிக்கிற ஹாமரைப் பின்னால் இழுக்கவேண்டும், டிரிக்கர் அதை விடுவிக்க மட்டும்தான். பழைய கோல்ட்டில் ஹாமரை இறக்கிவைத்தால் அதன் முள் நேராகத் தோட்டாவின் முதுகில் படுத்திருக்கும். கீழே விழுந்து ஹாமரில் அடிபட்டால் வெடிக்கும். அதனால் ஒன்று போட்டு, ஒரு அறையை விட்டு, நாலு போட்டு, ஹாமரை முழுக்க இழுத்து, காலி அறைமேல் மெதுவாக இறக்குவார்கள். 1973-இல் ரூகர் தன் ரிவால்வர்களில், டிரிக்கரை இழுத்தால்தான் இடையில் எழுந்துவந்து அடியைக் கடத்துகிற ஒரு பட்டையை வைத்தது, அவற்றில் ஆறும் போடலாம். ஆனாலும் கௌபாய் போட்டியில் எல்லோருக்கும் ஐந்துதான்.

கேள்வி: மலை ஏறப்போகிறேன். கரடிக்கு .44 மேக்னம் எடுக்கலாமா?
(வாசகர், டென்வர்)

பதில்: அந்தத் தோட்டா 1955-இலிருந்து இருக்கிறது, பலம் போதும். ஆனால் சிங்கிள் ஆக்‌ஷனில் கைப்பிடி உள்ளங்கைக்குள் உருண்டு மேலே போகும், ரூகர் சூப்பர் பிளாக்ஹாக்கின் சதுர டிரிக்கர் காப்பு நடுவிரல் கணுவில் ‘நங்’ என்று வைக்கும். மாதம் நூறு குண்டாவது சுட்டுப் பழகாதவர் கையில் அது இரண்டாவது குண்டு குறி தவறுகிற துப்பாக்கி. கரடி ஸ்பிரே ஒரு டப்பா வாங்கிப் பையின் அடியில் திணிக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.