குத்தகைக்காரருக்கு எதுவுமே இல்லையா?

கேள்வி: இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போடுகிறேன். நிலக்காரர் ஓசூரில் இருக்கிறார். விவசாயிகளுக்கான 6,000 ரூபாய் வருஷா வருஷம் அவர் கணக்கில்தான் ஏறுகிறது. அமெரிக்காவில் பருத்தி விவசாயிக்கு அரசாங்கமே பணம் போடுகிறது என்கிறான் என் மகன். அங்கேயும் குத்தகைக்காரருக்கு இதே கதிதானா?

– ஒரு வாசகி, ஊத்தங்கரை வட்டம்

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, அம்மா. அரூர் பக்கம் வேளாண்மை அலுவலராக இருந்தபோது இதே கேள்வியைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். மடி கட்டிப் பருத்தி எடுக்கிறவர்களின் விரல் நுனியெல்லாம் காய்ந்த காய் ஓடு கீறிய தழும்பாக இருக்கும். பணம் மட்டும் பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகும். பிஎம் கிசான் விதி அப்படி. 1.2.2019 அன்று நில ஆவணத்தில் பெயர் இருந்த குடும்பத்துக்குத்தான் அது. குத்தகைக்காரருக்கு அதில் இடமே வைக்கவில்லை. இது திருத்தப்பட வேண்டிய விதி என்பதுதான் என் கருத்து.

மகன் சொன்னது சரிதான். அங்கே கவுன்டி என்பது நம்முடைய மாவட்டம் போல. டெக்சாஸில் லபக் சுற்று வட்டாரக் கவுன்டிகளில் எங்கு பார்த்தாலும் பருத்திதான். 2018-இல் விதையோடு சேர்ந்த பருத்திக்குப் பவுண்டுக்கு 36.7 சென்ட் என்று ஒரு ஆதார விலை வைத்தார்கள். நூறு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 81 டாலர். சந்தையின் சராசரி விலை அந்தந்த வருஷத்து ஆதார விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும். அதையும் இன்றைய விதைப்பை வைத்துக் கணக்கிடுவதில்லை, அந்த நிலத்தின் பழைய சாகுபடிப் பரப்பில் 85 சதவீதத்துக்குத்தான். ஆனால் உங்களுக்கு வேண்டிய விஷயம் வேறு. நிலத்தை ரொக்கக் குத்தகைக்கு விட்டவருக்கு அந்தப் பணம் கிடையாது, நஷ்டத்தைத் தாங்குகிற குத்தகைக்காரருக்குத்தான். விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தால் இருவருக்கும் பங்குப்படி பிரியும். அடுத்த முறை நிலக்காரர் குத்தகையை ஏற்றி அதில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துவிடுவதும் உண்டு. ஆனாலும் பயிர் வைத்தவர் யார் என்று கேட்கிறார்களே, அது நம் ஊருக்கும் வர வேண்டும்.

சரி, இப்போதைக்கு உங்களால் ஆகக்கூடியது பயிர்க் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் வாரத்துக்குச் செய்பவரும் சேரலாம். பருத்தி பணப்பயிர் என்பதால் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரைதான் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு. 10,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் 500-ஐத் தாண்டாது. உங்கள் பிர்க்காவில் பருத்தி அறிவிக்கப்பட்டிருக்கிறதா, கடைசித் தேதி எது என்று விதைப்பதற்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிடுங்கள்.

1969-ஆம் வருஷத்துக் குத்தகைப் பதிவுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயரைப் பதியவும் வழி இருக்கிறது. நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர்கள் பயப்படுவதால் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே ஓடுகிறது. அவரோடு நல்லபடியாகப் பேசி, வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்குங்கள். அப்புறம் கிராம நிர்வாக அலுவலரிடம் விதைப்புச் சான்று கேட்கும்போது சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். நிலக்காரர் பெயரில் சான்று வாங்கிவிட்டால் இழப்பீடும் அவருக்கே போய்விடும்.