அக்கா அனுப்பிய வக்கீல் விளம்பரம்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: வயது 29. மனச்சோர்வுக்கு இரண்டு வருடமாக செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிட்டு வந்தேன். இப்போது கர்ப்பத்தின் எட்டாவது வாரம். "இந்த மாதிரி மாத்திரையால் குழந்தை இதயக் குறையோடு பிறந்ததென்று இங்கே கேஸ் போட்டு நஷ்டஈடு வாங்குகிறார்கள்" என்று அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஒரு வக்கீல் விளம்பரத்தை அனுப்பினார். பயந்துபோய் பத்து நாளாக மாத்திரையைத் தொடவில்லை. தலை சுற்றுகிறது, தூக்கமில்லை, சும்மா சும்மா அழுகை வருகிறது. இதுவரை சாப்பிட்டதால் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமா?
- வாசகி, கோவை

பதில்: நாளைக்கே, மாத்திரை எழுதிக்கொடுத்த மனநல மருத்துவரைப் பாருங்கள். பழைய சீட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால் வந்திருக்கலாம். அழுகையும் தூக்கமின்மையும் பழைய நோய் திரும்புவதன் அறிகுறியாகவும் இருக்கலாம். எது என்பதை அவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கதையில் முக்கியமான மாத்திரை உங்களுடையது இல்லை. அது பராக்ஸெட்டின் என்ற வேறொரு மனச்சோர்வு மாத்திரை. அமெரிக்காவில் 'பாக்ஸில்' என்ற பெயரில் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் விற்றது. முதல் மூன்று மாதத்தில் இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்கு இதயக் குறை கூடலாம் என்று 2005-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2009 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா நகர ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) ஒரு குடும்பத்துக்கு 25 லட்சம் டாலர் தரச் சொன்னது. அடுத்த ஆண்டு, 800-க்கும் மேற்பட்ட வழக்குகளை 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. பச்சைக் குழந்தையை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்த பெற்றோர், 'எங்களுக்கு ஏன் முன்பே சொல்லவில்லை' என்று கேட்டது முழுக்க நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

செர்ட்ராலின் மீதும் வழக்குகள் வந்தன. அங்கே அதன் பெயர் 'ஸோலாஃப்ட்', நிறுவனம் ஃபைஸர். 2015-ல் செயின்ட் லூயிஸிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் இரண்டு ஜூரிகள் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. மாத்திரைதான் காரணம் என்று காட்டப் போதுமான அறிவியல் சான்று இல்லையென 2016-ல் ஃபெடரல் நீதிபதி நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். 2017-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. வக்கீல் விளம்பரத்தில் இந்தப் பாதி வராது.

சரி, தீர்ப்புகள் இருக்கட்டும். எந்த மாத்திரையும் சாப்பிடாத தாய்மார்களுக்குக்கூட 100 குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேர் ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அதில் ஒருவருக்கு இதயத்தில். பராக்ஸெட்டின் சாப்பிட்டவர்களிடம் அந்த ஒன்று, ஒன்றரை முதல் இரண்டு வரை ஆனதாக 2005-ன் ஆரம்பக் கணக்குகள் சொல்லின. ஏறத்தாழ 9.5 லட்சம் கர்ப்பங்களை அலசி 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற இவ்வகை மாத்திரைகளால் இதயக் குறை குறிப்பிடும்படி கூடியதாகத் தெரியவில்லை. கர்ப்பத்தில் மனச்சோர்வு மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவர்களாகிய நாங்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது செர்ட்ராலினைத்தான். உண்மையில் பயப்பட வேண்டிய மருந்து வேறு: வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் தரும் சோடியம் வால்ப்ரோயேட். அதில் 100-க்குச் சுமார் 10 குழந்தைகளுக்குக் குறை வருகிறது.

செர்ட்ராலினால் ஒன்றுமே வராது என்றும் சொல்ல மாட்டேன். கடைசி மாதங்கள்வரை சாப்பிட்டால், பத்தில் மூன்று குழந்தைகள் பிறந்ததும் சில நாள் சிணுங்கலாக இருக்கும். துணியை விலக்கினால் கையும் தாடையும் வெடவெடவென்று நடுங்கும், பால் சரியாக இழுக்காது. பார்க்கும் பாட்டிமார் வலிப்பென்று பதறிவிடுவார்கள். அம்மாவின் மார்போடு சேர்த்து அணைத்தாலே பல குழந்தைகள் அடங்கிவிடும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். நுரையீரல் ரத்த அழுத்தக் கோளாறு என்ற அபூர்வமான சிக்கல் 1000-க்கு 2 என்பது 3 ஆகலாம். அதனால் பிரசவத்தை, பச்சிளம் குழந்தை மருத்துவர் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மனச்சோர்வு திரும்பினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், தூங்க மாட்டீர்கள், செக்கப்புக்குப் போகக்கூட மனம் வராது. குறைப்பிரசவ வாய்ப்பும் கூடும். அதுவும் குழந்தையைப் பாதிக்கும் விஷயம்தான்.

18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் இதயத்தையும் பார்ப்பார்கள். மனம் ஆறவில்லை என்றால் இதயத்துக்கென்றே தனியாக எடுக்கும் ஃபீட்டல் எக்கோ என்ற ஸ்கேனைக் கேளுங்கள். ஃபோலிக் ஆசிட்டை விட்டுவிடாதீர்கள். அப்புறம், உயிர் வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி எட்டிப் பார்த்தாலும் நாளைவரை காத்திருக்காதீர்கள். வீட்டில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.