பெங்களூரு ஃபிளாட்டில் வைஃபை திணறுகிறது: ஸ்கேன் ஆப் உதவுமா?

உதவும். ஹாலில் ஓடுகிற வீடியோ படுக்கையறையில் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்கிறீர்கள். அல்சூர் மாதிரி நெருக்கமான இடத்தில் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் காரணமாக இருக்கலாம்.

ஆண்ட்ராய்டு போனில் சுற்றியுள்ள வைஃபைகளை ஸ்கேன் செய்து காட்டும் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டு (இலவசமே போதும்), படுக்கையறையில் நின்று உங்கள் வைஃபையின் சிக்னல் பலத்தைப் பாருங்கள். அது டிபிஎம் (dBm) என்ற அளவில் வரும்; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 80 என்றால் சிக்னல் அரைகுறையாகத்தான் வருகிறது. அப்போது சேனலை (ரூட்டர் பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டை) மாற்றிப் பெரிய பயனில்லை. டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ரூட்டரை வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் திணறினால் ஆப்பில் சேனல் வரைபடத்தைப் பாருங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மட்டும்தான். ‘3 காலியாக இருக்கிறதே’ என்று அங்கே போய் உட்கார்ந்தால் 1, 6 இரண்டின் இரைச்சலும் உங்கள் தலையில். இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததை ரூட்டர் செட்டிங்கில் தேர்ந்தெடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றிவிடலாம். அங்கே இடம் தாராளம், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டச் சிரமப்படும்.

அப்புறம், மைக்ரோவேவ் அடுப்பின் தொல்லை இந்த ஆப்பில் தெரியாது. சாப்பாடு சூடாக்கும்போது மட்டும் இணைப்பு விழுந்தால் அதைச் சந்தேகியுங்கள்.