லென்ஸ் வாங்க ஓடாதீர்கள் அக்கா

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்கிறார்: "போனஸ் பணத்தில் மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். தைப்பூசத்துக்கு மகன் காவடி எடுத்தான். கோயிலுக்குள் பிடித்த படமெல்லாம் கலங்கல், வெளியே பிடித்ததில் முகமே கறுப்பு. தங்கச்சி போனில் எல்லாம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. லென்ஸ் சரியில்லை, பெரியதாக வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கட்டுமா?"

வாங்காதீர்கள். பட்டனைத் தொட்டதும் போன் பல படங்களை மளமளவென்று எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வெயிலை அடக்கிக் கொடுக்கிறது. உங்கள் கேமரா எடுப்பது ஒரே படம். மிச்ச வேலை உங்களுடையது.

கலங்கிய படம் ஒன்றைத் திரையில் திறந்து, ஷட்டர் வேகம், அதாவது படம் பதிய எடுத்த நேரம், என்ன என்று பாருங்கள். 1/30 நொடி என்றோ 1/15 நொடி என்றோ இருக்கும். அதற்குள் காவடி ஆடுகிறவர் தலை ஒரு விரற்கடையாவது நகர்ந்துவிடும். ஆட்டோவை விட்டு டயலை 'எஸ்'ஸுக்குத் திருப்புங்கள் (கேனானில் 'டிவி' என்றிருக்கும், தொலைக்காட்சி இல்லை). வேகம் 1/250, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) ஆட்டோ, அதன் உச்சம் 6400. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

முகம் கறுப்பது வேறு கதை. ஜனவரி மாத டர்பன் வெயில் உச்சந்தலையில் நிற்கிறது, பின்னால் வெளுத்த வானம். கேமரா எல்லாவற்றையும் சராசரி பார்த்து மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பட்டனில் +1 வையுங்கள்.

கருவறை முன்னால் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அங்கே சுற்றிலும் இருட்டு, நடுவில் வெள்ளிக் கவசமும் தீபமும். இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தை ஏற்றும். முருகன் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கும். −1 வையுங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள், பல கேமராக்களில் அது தானாகத் திரும்பாது. நானே ஒரு முறை மறந்துபோய், ஒரு கல்யாணம் முழுக்க −1இல் எடுத்தேன்.

சரி, கடைக்காரர் விஷயம். முதலில் பில்லையும் பெட்டியையும் எடுத்துப் பாருங்கள். "நம்ம ஆள், விலை குறைவு" என்று விற்கப்படும் கேமராக்களில் பல, கம்பெனியின் அனுமதியில்லாமல் வந்த சரக்கு. அப்படி ஒன்றை நானும் வாங்கினேன். எட்டாம் மாதம் ஷட்டர் போனது. கம்பெனி சர்வீஸில் தொடமாட்டேன் என்றார்கள், விற்றவர் போனை எடுக்கவில்லை. இப்படிப்பட்ட சரக்கில் அதைச் சொல்லும் அறிவிப்பு தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எந்தக் கடையில் ஒட்டியிருக்கிறார்கள்? புகார் கொடுக்கப் போனால் ஃபாரத்துக்கு மேல் ஃபாரம்.

நிஜமாகவே கேமராவில் பழுது இருந்தால், வாங்கிய ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணமா, வேறு கேமராவா, ரிப்பேரா என்று முடிவு செய்வது நீங்கள். "முதலில் ரிப்பேருக்கு அனுப்புவோம்", "கடையிலேயே வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு எடுக்கும் சித்ரா பருவக் காவடி வருவதற்குள் வீட்டு விளக்கு வெளிச்சத்தில் மகனை ஆடவிட்டு ஐம்பது படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் கலங்கினால் அந்தப் படங்களை எனக்கு அனுப்புங்கள். லென்ஸ் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம்.