பச்சைக் கடின மரத்தை நேராகச் சூளையில் ஏற்றினால் உற்பத்தி கூடுமா?

காற்றில் உலர மாதக்கணக்கில் ஆகிறதே, அறுத்த பச்சை, அதாவது ஈரம் காயாத பலகையை நேராகச் சூளைக்கு, அதாவது மரத்தைச் சூட்டில் உலர்த்தும் அறைக்கு, அனுப்பினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். பலகை உலர்த்தும் பிரிவில் சில வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். எத்தனை நாள் மிச்சம் என்று மட்டும் எண்ணாதீர்கள், கடைசியில் எத்தனை நல்ல பலகை தேறுகிறது என்று எண்ணுங்கள்.

ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கும் வரை மரம் பெரிதாகச் சுருங்காது. அதற்குக் கீழேதான் செல் சுவரில் உள்ள நீர் வெளியேறி, சுருக்கம் ஆரம்பிக்கும். பலகையின் மேல்பகுதி அந்த அளவை முதலில் தாண்டிவிடும். உள்ளே இன்னும் பச்சைதான். மேல்பகுதி சுருங்கப் பார்க்க, உள்பகுதி விடாது, வெடிப்பு விழும். ஓக் போன்ற அடர்ந்த மரத்தில் உள் ஈரம் வெளியே வருவது மிக மெதுவாக நடப்பதால் ஆபத்து அதிகம்.

ஒருமுறை அவசர ஆர்டருக்காகப் பச்சை ஓக்கை எடுத்த எடுப்பிலேயே அதிகச் சூட்டில் வைத்தோம். வெளியே வந்தபோது பார்க்கச் சுத்தமாக இருந்தது. இழைத்த பிறகு குறுக்கே அறுத்தால், உள்ளே தேன்கூடு மாதிரி பிளவுகள். அத்தனை மரமும் எரிபொருளும் உழைப்பும் வீணானது இன்றும் மனதை உறுத்துகிறது.

அதனால் என் தேர்வு இரண்டும் சேர்ந்த முறை. வெயில் படாத கொட்டகையில் அடுக்கி ஈரப்பதம் 20–25 சதவீதத்துக்கு இறங்கும் வரை காற்றில் உலரவிட்டு, அப்புறம் சூளை. ஒரு அங்குல ஓக் பச்சையாகப் போனால் சூளையில் சுமார் ஒரு மாதம் பிடிக்கும். அப்படிக் காற்றில் உலர்ந்தது என்றால் ஒன்றிரண்டு வாரம் போதும். அதே சூளையில் கூடுதல் சுற்றுகள் ஓட்டலாம், எரிபொருளும் மிச்சம். சரக்கில் பணம் முடங்கும் என்பது உண்மைதான். காற்றழுத்தத்தைக் குறைத்து உலர்த்தும் வெற்றிடச் சூளை இன்னும் வேகம், ஆனால் இயந்திர விலை அதிகம். தடித்த பலகைக்குத்தான் கட்டுப்படியாகும்.

அடுக்கும்போது இடையில் வைக்கும் ரீப்பர்கள், அதாவது மெல்லிய மரச் சட்டங்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பலகை வளையும்.

கடைசியில் சூளைக்குள் ஈரத்தைக் கூட்டி, மரத்துக்குள் இருக்கும் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். நேரமில்லை என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். அப்படி விட்ட பலகையை நெடுக அறுத்துப் பாருங்கள், ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும்.